திருநெல்வேலியில் மனை வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்குப் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒருவர் துபாயில் இருப்பார், இன்னொருவர் சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பார். "அண்ணாச்சி, நம்ம ஊர்ல அஞ்சு சென்ட் வாங்கிப் போடலாம்னு இருக்கேன், ரெட்டியார்பட்டி பக்கம் ஒரு இடம் சொல்லுதாங்க, வாங்கலாமா?" நான் மனை விற்பவன் இல்லை, வக்கீலும் இல்லை. பாளையங்கோட்டையில் பிறந்து, கட்டட மேற்பார்வை வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரின் எல்லாப் பக்கமும் அஸ்திவாரம் தோண்டுவதைப் பார்த்தவன், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் என் அக்கா வீட்டுக்குள் இடுப்பளவுக்குத் தண்ணீர் வந்தது. பீரோவில் இருந்த பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் ஊறிப்போய், அதை மொட்டை மாடியில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தோம். அந்த மனையை வாங்கும்போது பத்திரத்தைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம், பஸ் வசதியைப் பார்த்தோம், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் போனில் துண்டு துண்டாகச் சொல்வதை எல்லாம் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஊர் எப்படி விரிந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என்று தனித்தனியாக இருந்தவற்றைச் சேர்த்து 1994-இல் மாநகராட்சி ஆக்கினார்கள். இன்று 55 வார்டு. 2011 கணக்கெடுப்பிலேயே நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி மக்கள் இருந்தார்கள், அதற்குப் பிறகு ஊர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை நாலு வழிச் சாலையில் ஒரு தடவை போய் வந்தாலே பார்க்கலாம். இந்த விரிவில் பெரும்பங்கு மனை போட்டதால் வந்தது. கங்கைகொண்டான் சிப்காட்டில் இப்போது வேலை வாய்ப்பு வருகிறது, உண்மைதான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வளைகுடாவில் சம்பாதித்த காசும், கிராமத்தை விட்டுப் பிள்ளைகள் படிப்புக்காகவும் ஆஸ்பத்திரிக்காகவும் வந்தவர்களின் காசும் இங்கே நிலத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு வெளியூர், வீட்டுக்கு நெல்லை என்று வாழ்கிற குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். அதனால் வீடு பெருகிய வேகத்துக்கு மாநகராட்சியின் வருமானமும் பெருகவில்லை, சாக்கடையும் பெருகவில்லை.

அந்த நிலம் எல்லாம் என்ன நிலம்? தாமிரபரணிப் பாசன நிலம். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டு. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் பேட்டை, டவுன் பக்கம் வந்து நயினார்குளத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிறது. அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால். ஒவ்வொரு கால்வாயிலும் குளங்கள் சங்கிலி மாதிரி கோத்திருக்கும், ஒரு குளம் பெருகினால் உபரித் தண்ணீர் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். காரும் பிசானமும் என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல்களில் இப்போது நகர் என்று பெயர் வைத்துக் கல் ஊன்றியிருக்கிறார்கள், ஆனால் மறுகால் தண்ணீருக்கு அந்தப் பெயர்ப்பலகை தெரியாது, அது பழைய வழியில்தான் வரும். 1992 நவம்பரில் வந்தது. 2023 டிசம்பர் 17, 18-இல் வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழையில் நமக்கு ஆற்று வெள்ளம் ஒரு பக்கம், குளங்கள் உடைந்தும் மறுகால் பாய்ந்தும் வந்த வெள்ளம் இன்னொரு பக்கம்.

இடத்தின் பெயரைக் கேளுங்கள், பழைய பெயரை

மனை போட்டவர் வைத்த பெயர் வேண்டாம். அந்த நிலத்தை உழுதவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். குளம், உள்வாய், மடை, ஓடை, மறுகால், பத்து (குளத்துப் பாசன வயல்), இந்தச் சொல்லில் ஏதாவது ஒன்று பெயரில் வந்தால் அங்கேயே கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும். உள்வாய் என்றால் குளத்துக்குள்ளேயே இருக்கிறீர்கள் என்று பொருள். புதிய பஸ் நிலையம் இருக்கிற இடத்தின் பெயர் வேய்ந்தான்குளம், கலெக்டர் அலுவலகம் இருக்கிற இடம் கொக்கிரகுளம், 2023-இல் கலெக்டர் அலுவலகத்தையே தண்ணீர் சூழ்ந்து நின்றது. பெயர் இருந்தால் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை, நயினார்குளத்துக்குப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மேடான தெருக்களில் நன்றாக வாழ்கிறார்கள். மேடு எது, பள்ளம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் பெயர் உதவுகிறது.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். புரோக்கரிடம் கேட்டால் "ஒரு பிரச்சினையும் கிடையாது அண்ணாச்சி" என்பார். பக்கத்தில் இன்னும் வயல் வைத்திருக்கிற பெரியவர் யாராவது இருப்பார், மாடு மேய்ப்பவர் இருப்பார், அவரிடம் "இந்தக் குளம் பெருகினா மறுகால் எங்கன பாயும்?" என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை காட்டுகிற கோட்டில் உங்கள் மனை இருக்கிறதா என்று பாருங்கள். நீர்ப்பாசனத்தைக் கவனிக்கிற மடையாட்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களைப் போல விவரம் சொல்ல இன்ஜினியருக்கும் முடியாது.

எப்போது போய்ப் பார்ப்பது

மனையைக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் மாசி, பங்குனி, சித்திரையில்தான் கூட்டிப் போவார்கள். தரை காய்ந்து, செம்மண் ரோடு போட்டு, கொடி கட்டி, பார்க்க அழகாக இருக்கும். நீங்கள் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போனால் இன்னும் நல்லது, பெய்யும்போது எல்லா இடத்திலும்தான் தண்ணீர் நிற்கும், இரண்டு நாள் கழித்தும் நின்றால் அது போக வழியில்லாத இடம். வெளிநாட்டில் இருந்தால் ஊரில் இருக்கிற மச்சானையோ தம்பியையோ அனுப்பி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் மனையின் நடுவில் நின்று எடுத்தால் போதாது, நாலு தெரு தள்ளி வரை நடந்துகொண்டே எடுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் போக முடியவில்லையா, சரி, வேறு அடையாளங்கள் உண்டு. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை ஒரு கோடாகத் தெரியும், மேலே பெயின்ட் அடித்திருந்தாலும் மீட்டர் பெட்டிக்குக் கீழே தெரியும். மின்சார மீட்டரை யாராவது தோள் உயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். வாசற்படி ஐந்து ஆறு என்று போனால் ஏன் என்று கேளுங்கள். காலி மனையில் சம்பை, கோரை முளைத்திருந்தால் அங்கே வருடத்தில் பாதி நாள் ஈரம் இருக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படத்தைப் பார்க்கும் வசதி இருக்கிறது, இருபது வருடம் பின்னால் தள்ளிப் பாருங்கள், இன்றைக்கு மனையாக இருக்கிற இடத்தில் அன்றைக்கு ஒரு நீலத் திட்டோ பச்சைக் கோடோ இருந்தால் அது குளமும் வாய்க்காலும்தான். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, காசும் கிடையாது, ஆனாலும் லட்சக்கணக்கில் பணம் கொடுப்பவர்கள் இதைச் செய்யாமல் விடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

காகிதங்கள்

பட்டா, பத்திரம், வில்லங்கம் மூன்றையும் எல்லோரும் பார்க்கிறார்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், முப்பது வருடத்துக்காவது பாருங்கள், தாய்ப்பத்திரம் வரை சங்கிலி விடாமல் வர வேண்டும். இதை வக்கீல் பார்த்துச் சொல்லிவிடுவார். வக்கீல் பெரும்பாலும் பார்க்காதது மூன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

முதலாவது புலப்படம். உங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தை அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். அதில் உங்கள் நிலத்தின் அளவு மட்டும் இருக்காது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் இருக்கும். வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை எல்லாம் கோடாக வரைந்திருப்பார்கள். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய் நின்று பாருங்கள். படத்தில் வாய்க்கால் இருக்கிறது, நேரில் இல்லை என்றால் அது எங்கே போயிற்று? மண்ணடித்து மூடி அதன் மேல் ரோடு போட்டிருப்பார்கள். மூடின வாய்க்கால் முதல் பெருமழையில் தன் இடத்தைத் தேடி வரும், அப்போது அந்த ரோடும் அதை ஒட்டின வீடும்தான் வாய்க்கால்.

இரண்டாவது, 'அ' பதிவேடும் அதற்கு முந்தைய பதிவேடும். 'அ' பதிவேட்டில் நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று இருக்கும். ஆனால் அதோடு நிற்கக் கூடாது. 1980-களில் யூ.டி.ஆர். என்று நிலப் பதிவுகளைப் புதுப்பித்தார்களே, அதற்கு முன்னால் அந்த எண் என்னவாக இருந்தது என்று தாலுகா அலுவலகத்தில் மனு போட்டுப் பழைய பதிவேட்டின் நகல் வாங்குங்கள். பழையதில் குளப் புறம்போக்கு என்றோ ஓடை என்றோ இருந்து, புதியதில் தனியார் பெயரில் வந்திருந்தால், பட்டா கையில் இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். நீர்நிலைப் புறம்போக்குக்குக் கொடுத்த பட்டா செல்லாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன, குளங்களில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இலேயே தனிச் சட்டமும் இருக்கிறது. இடிக்க வரும்போது விற்றவர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

மூன்றாவது, மனைப்பிரிவின் அனுமதியும் ரோட்டின் தானப் பத்திரமும். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் புதுத் தெருக்களுக்கு ரோடும் சாக்கடையும் வராமல் வருடக்கணக்கில் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்க வேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககம், டி.டி.சி.பி. என்று எல்லோரும் சொல்வது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒரு காலத்தில் சொல்லி விற்றார்களே, ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவை அனுமதிக்கும் அதிகாரமே கிடையாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று நிறுத்தியது நினைவிருக்கும், பிறகு 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகளுக்கு மட்டும். ஆகவே யாராவது பழைய மனையை விற்கிறார்கள் என்றால் வரன்முறை ஆணையைக் கேட்டு வாங்குங்கள். புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், அந்த எண்ணை ரெரா இணையதளத்தில் போட்டால் அனுமதி வரைபடமே வரும்.

அந்த வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பூங்கா எங்கே என்று தேடுங்கள். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். ரோட்டையும் அப்படித்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள், பத்திர எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவர் வாங்கின மனைப்பிரிவில் ரோட்டைத் தானம் செய்யாமலே மனைகளை விற்று முடித்துவிட்டார்கள். அப்புறம் பத்து வருடம் கழித்துத் தெருக்காரர்கள் ரோடு கேட்டு மனு கொடுத்தால், "அது எங்க பேருக்கே வரலயே, தனியார் இடத்துல நாங்க எப்படி ரோடு போட?" என்று பதில். சட்டப்படி அந்தப் பதிலில் தப்பு சொல்லவும் முடியவில்லை. விற்றவரைத் தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி, அது நடந்து முடிய இரண்டு வருடம் ஆனது, அந்த இரண்டு வருடமும் மழையில் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

எல்லை

கேடிசி நகர், ரெட்டியார்பட்டி, சுத்தமல்லி, ராமையன்பட்டி பக்கம் போனால் மாநகராட்சி எங்கே முடிகிறது, ஊராட்சி எங்கே தொடங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரி ரசீதை வாங்கிப் பார்த்தாலே தெரியும். தண்ணீர், குப்பை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் நாளைக்கு எந்தக் கதவைத் தட்டப் போகிறீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது. மாநகராட்சிக்குள் என்றால் காலிமனை வரி பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள், பாக்கி இருந்தால் பிளான் போடும்போது உங்கள் தலையில் விழும்.

ராமையன்பட்டியில் குப்பைக் கிடங்கு இருக்கிறது. கோடையில் அது பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது உண்டு. ஆனி, ஆடியில் நமக்கு மேல்காற்று, மேற்கேயிருந்து கிழக்கே அடிக்கும், அந்தக் கணக்கை வைத்து மனை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், சிறு பிள்ளைகளோ ஆஸ்துமா உள்ளவர்களோ வீட்டில் இருந்தால் கட்டாயம்.

மனை விலையோடு முடிவதில்லை

விலை ஏறும், ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏறலாம். ஆனால் வீடு கட்டிக் குடியிருக்கப் போகிறவர் முதலில் செலவைக் கூட்ட வேண்டும். பதிவுச் செலவு வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம், முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் மதிப்பு வரை உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அது தெரிந்த செலவு.

தெரியாத செலவு மண். பள்ளமான மனை சென்ட்டுக்கு ஐம்பதாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்குவார்கள். 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. மூன்று அடி உயர்த்த வேண்டுமென்றால் 6,534 கன அடி மண், அதாவது 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 65 யூனிட், டிப்பருக்கு 2 யூனிட் என்று வைத்தால் 33 நடை. மண் அமுங்கும், அதனால் இன்னும் ஏழெட்டு நடை சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைய மண் விலையை விசாரித்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் அந்த மனை உண்மையிலேயே மலிவா என்று முடிவு செய்யுங்கள். அஸ்திவாரத்தை ஆழமாகக் கொண்டு போகிற செலவும் இருக்கிறது, வயலாக இருந்த களிமண் தரையில் சாதாரண அஸ்திவாரம் போட்டால் நாலு வருடத்தில் சுவரில் விரிசல் ஓடும். மனை வாங்கும் முன்பே ஒரு குழி வெட்டி ஐந்தாறு அடி ஆழத்துக்கு மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க விடச் சொல்லுங்கள், விடவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் மூன்று அடி உயர்த்தினால் உங்கள் மனை மேல் விழுகிற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர் அடுத்த வருடம் நாலு அடி உயர்த்துவார். முதலில் கட்டினவர், பெரும்பாலும் ஓய்வு பெற்ற வயசாளிகள், குழிக்குள் கிடப்பார்கள். எங்கள் அக்கா வீடு அப்படித்தான் ஆனது. தெருவில் நாலு வீடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசி ரோட்டு மட்டம் இது, வாசல் மட்டம் இது, தண்ணீர் இந்தப் பக்கம் வடியட்டும் என்று முடிவு செய்துகொண்டால் எல்லோருக்கும் செலவு குறையும்.

குடிக்கிற தண்ணீரும் போகிற தண்ணீரும்

குழாய் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை மணி நேரம், இதை அந்தத் தெருப் பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் "வருது, வருது" என்பார்கள், குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் கணக்கு தெரியும். ஆற்றங்கரையில் இருந்துகொண்டு லாரித் தண்ணீர் வாங்குகிற தெருக்கள் நம் ஊரில் இருக்கின்றன.

பாதாளச் சாக்கடை ஊரில் பாதிக்கு இன்னும் கனவுதான், கட்டம் கட்டமாக வேலை நடக்கிறது. உங்கள் மனை இருக்கிற தெரு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று மண்டல அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். வராத தெருவில் செப்டிக் டேங்க்தான். அதை எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடியில் கான்கிரீட் போடாமல் உறை இறக்கி விட்டுவிடுகிறார்கள், நிரம்பாது, லாரி கூப்பிட வேண்டாம், செலவு மிச்சம் என்று. அந்தக் கழிவு எங்கே போகிறது? உறிஞ்சுகுழியிலிருந்து போர்வெல் 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், 5 சென்ட் மனையே 36-க்கு 60 அடிதான், உங்கள் போர்வெல்லிலிருந்து 50 அடிக்குள் உங்கள் குழியும் பக்கத்து மூன்று வீட்டுக் குழியும் வந்துவிடும். அதனால் தொட்டியை அடிவரை பூசி, அறைகள் தடுத்துக் கட்டுங்கள், போர்வெல் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தொட்டி சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம், எந்த நிலையிலும் ஒரு மனிதரை உள்ளே இறக்காதீர்கள், அது 2013 சட்டப்படி குற்றம், நாலு பேர் இறங்கி நாலு பேரும் செத்த செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

சாக்கடைத் தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலில் விடலாம் என்று கொத்தனார் சொல்வார். விடாதீர்கள். அந்த வாய்க்கால் பாளையங்கால்வாயிலோ நெல்லைக் கால்வாயிலோ சேர்ந்து கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும். தாமிரபரணியில் கழிவு கலப்பதைப் பார்க்க 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து போனார்கள். நமக்குக் கீழே ஸ்ரீவைகுண்டம் வரை, அதற்கும் கீழே, இதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

வீடு கட்டின பிறகு தெருவுக்கு வேண்டியதைக் கேட்பது

பிளான் அனுமதி இப்போது எளிது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே வாங்கலாம். யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். மழைநீர் சேகரிப்பைப் பெயருக்குக் குழாய் மாட்டி விடாமல் உண்மையாகச் செய்யுங்கள்.

ரோடும் வாறுகாலும், அதாவது தண்ணீர் வடிகிற சாக்கடையும், கேட்க வேண்டிய நாள் வரும். தனியாக ஒருவர் போய்க் கேட்டால் ஒரு காகிதம், அவ்வளவுதான். தெருவில் பத்து வீடு வந்தவுடன் ஒரு சங்கம் பதிவு செய்யுங்கள். மனுவில் "எங்கள் தெருவில் சாலை வசதி செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று மட்டும் எழுதினால் அது கட்டோடு கட்டாகப் போய்விடும். வார்டு எண், தெருவின் நீளம் மீட்டரில், அகலம், மனைப்பிரிவு அனுமதி எண், ரோட்டின் தானப் பத்திர எண், எத்தனை வீடு வரி கட்டுகிறது, தண்ணீர் எங்கிருந்து எங்கே வடிய வேண்டும் என்று ஒரு கைப்படம், மழை நாளில் தேதியோடு எடுத்த நாலு போட்டோ, இவ்வளவும் சேர்த்துக் கொடுங்கள். மதிப்பீடு போடுகிற இளநிலைப் பொறியாளருக்கு வேலை பாதியாகக் குறைகிறது, நம் மனு மேலே வரும். இது நான் என் கண்ணால் பார்த்த விஷயம்.

கவுன்சிலரிடம் ஒரு நகல், மண்டல அலுவலகத்தில் ஒரு நகல், ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பி வராதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, 1100-இல் முதல்வரின் முகவரிக்கும் பதிவு செய்யலாம். வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டு வையுங்கள். 2022 நவம்பரிலிருந்து நடக்கிறது, அங்கே சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறினால் பிறகு அதைக் காட்டிக் கேட்கலாம். கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருகிற தெருவையும் ஒருவரும் வராத தெருவையும் ஒரே மாதிரி நடத்த மாட்டார்கள்.

மூன்று மாதத்தில் பதில் இல்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. எங்கள் மனு எந்தத் தேதியில் யாரிடம் போனது, மதிப்பீடு தயாரித்தார்களா, அதன் நகல், இந்த வார்டில் இந்த ஆண்டு எடுத்த சாலைப் பணிகளின் பட்டியல், இப்படி ஆவணமாகக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில், இல்லையென்றால் மேல்முறையீடு. சண்டை பிடிக்கிற தொனியே வேண்டாம்.

பணமில்லை என்பார்கள், பல நேரம் அது உண்மையும்கூட. அப்போது நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். முப்பது வீடு இருக்கிற தெருவில் பிரித்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு வருகிற தொகை, அந்த வீடு மண்ணடித்து உயர்த்தச் செலவழித்ததைவிடக் குறைவாகத்தான் வரும். வளைகுடாவில் இருக்கிறவர்களையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊரில் இல்லாவிட்டாலும் பங்கு கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, புரட்டாசிக்குள் செய்து முடிக்க வேண்டியது. தெருக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, தண்ணீர் வடிகிற வாறுகால் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறதோ அதுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். நம் தெருவில் அடைப்பு இருக்காது, நாலு தெரு தள்ளி யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்டியிருப்பார்கள், பாலத்துக்கு அடியில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கும், கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் இலை குழாய் வாயில் நிற்கும். அந்த இடத்தைப் போட்டோ எடுத்து, அடையாளம் சொல்லி, அந்த வாரமே சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். எங்கள் அக்கா தெருவில் 2024-லிருந்து இப்படி நடக்கிறார்கள், முதல் வருடம் ஆறு பேர் போனோம், போன புரட்டாசியில் பதினேழு பேர் வந்தார்கள், மண்வெட்டியோடு.